ஜெபிக்க உட்கார்ந்தால் ஒன்றுமே வரவில்லை, எங்கே தொடங்குவது?

ஜூன் 4, ஒரு வாசகரின் கேள்வி

பிறந்ததிலிருந்தே சபைக்குள்தான் இருக்கிறேன். ஞானஸ்நானம் ஆயிற்று, திருவிருந்திலும் சேருகிறேன். ஆனால் "இன்று காலை ஆண்டவர் என்னோடு பேசினார்" என்று யாராவது சாட்சி சொல்லும்போது எனக்குள் எதுவும் அசைவதில்லை. தனியாக ஜெபிக்க உட்கார்ந்தால் இரண்டே நிமிடத்தில் பேச ஒன்றும் இல்லாமல் போகிறது. நடிக்கவும் மனம் வரவில்லை. கடவுளோடு தனிப்பட்ட உறவு என்பது நிஜமாகவே இருக்கிறதா, இல்லை சிலருடைய சுபாவத்துக்கு மட்டும் வாய்க்கிற ஒன்றா? இருக்கிறது என்றால் எங்கே தொடங்குவது?

ஜூன் 4, இரவு

இருக்கிறது. சுபாவத்தைப் பொறுத்ததும் இல்லை.

1 சாமுவேல் மூன்றாம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். சாமுவேல் சின்னப் பிள்ளையிலிருந்தே ஆலயத்தில் வளர்கிறவன். தேவனுடைய பெட்டி இருக்கிற இடத்திலேயே படுத்துத் தூங்குகிறான். விடிந்தால் ஆலயத்தின் கதவுகளைத் திறப்பதும் அவன்தான். அவனைப் பற்றித்தான் ஏழாம் வசனம் சொல்கிறது, அவன் இன்னும் கர்த்தரை அறியாதிருந்தான் என்று. குற்றம் சாட்டுகிற தொனி அங்கே இல்லை. உள்ள நிலையைச் சொல்லிவிட்டு வசனம் நகர்ந்துவிடுகிறது.

கூப்பிட்டது கர்த்தர், அவன் எழுந்து ஓடியதோ ஏலியிடம். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. கர்த்தர் சலித்துப்போய் வேறு ஆளைத் தேடவில்லை, நாலாவது தடவையும் கூப்பிட்டார். உறவைத் தொடங்குகிற பொறுப்பு யாருடையது என்பதற்கு இதைவிடத் தெளிவான பக்கம் எனக்குத் தெரியாது. நீங்கள் தொடங்க வேண்டியதில்லை. தொடங்கியிருக்கிறவருக்குப் பதில் சொன்னால் போதும்.

இன்றைக்கு ஒன்றே ஒன்று செய்யுங்கள். இங்கே எங்களுக்கு எழுதியதை, ஒரு வார்த்தை மாற்றாமல், அவரிடம் சொல்லுங்கள். "உம்மைப் பற்றிப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குள் எதுவும் அசைவதில்லை" என்றே தொடங்கலாம். நீங்கள் இதுவரை செய்த ஜெபங்களில் இது மிக உண்மையானதாக இருக்கலாம்.

ஜூன் 5

"வாசற்படியிலே நின்று தட்டுகிறேன்" வசனத்தைக் காட்டி, கதவைத் திறந்தால் வேலை முடிந்தது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வெளிப்படுத்தல் 3:20. வசனம் சரி. ஆனால் யாருக்கு எழுதப்பட்டது என்று பாருங்கள். லவோதிக்கேயா சபைக்கு. தாங்கள் ஐசுவரியவான்கள், ஒரு குறைவும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்த விசுவாசிகளுக்கு. ஒரு தடவை திறந்துவிட்டு மறந்துபோகிற கதவு இல்லை அது. வெகுநாள் சபையில் இருக்கிற நமக்குத்தான் அந்த வசனம் முதலில் பொருந்தும். அவர் கேட்பதும் உள்ளே வந்து சேர்ந்து சாப்பிடத்தான். அதற்கு நேரம் பிடிக்கும்.

ஜூன் 7

"உண்மையைச் சொல்லி ஜெபிப்பது" என்று சுலபமாக எழுதிவிட்டேன். அதை எங்கே கற்றேன் என்று சொல்லாமல் விட்டால் அரைகுறையாக இருக்கும்.

கூட்டத்தில் ஜெபிக்கச் சொன்னால் எனக்கு வார்த்தைக்குப் பஞ்சமே இருந்ததில்லை. துதி, ஸ்தோத்திரம், விண்ணப்பம், ஆசீர்வாதம் என்று வரிசையாக வரும். அப்புறம் அப்பா படுக்கையில் விழுந்தார். மாதக்கணக்கில் சுகத்துக்காக ஜெபித்தோம், உபவாசம் இருந்தோம். அவர் போய்விட்டார். அதற்குப் பிறகு கண்ணை மூடினால் அந்தப் பழைய வார்த்தைகள் ஒன்றுகூட என்னுடையதாகத் தெரியவில்லை. ஸ்தோத்திரம் என்று வாய் திறந்தால் தொண்டையில் நிற்கும்.

அந்த நாட்களில் எனக்குக் கிடைத்தது 88ஆம் சங்கீதம். விரலை வரி மேல் வைத்து, உதடு மட்டும் அசைய வாசிப்பேன். வேதத்தில் இப்படி ஒரு ஜெபம் இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. மற்றப் புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலும் கடைசியில் ஒரு திருப்பம் வரும், "ஆனாலும் நான் நம்பியிருக்கிறேன்" என்று. 13ஆம் சங்கீதம் "எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கிப் பாட்டில் முடிகிறது. 88ல் அந்தத் திருப்பமே கிடையாது. அறிமுகமானவர்கள் எல்லாம் மறைந்துபோனார்கள் என்பதோடு நின்றுவிடுகிறது. அதையும் ஆராதனைப் பாட்டாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நம்பிக்கையின் ஒரு வரிகூட வாயில் வராத மனிதனுக்கும் தேவ சமுகத்தில் இடம் உண்டு என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. அந்த மனிதன் பேசிக்கொண்டிருப்பது என்னவோ கர்த்தரிடம்தான். புகார் முழுவதும் அவரைப் பார்த்துத்தான்.

என் உறவு தொடங்கிய தேதி எது என்று கேட்டால் ஞானஸ்நானத் தேதியை நான் சொல்லமாட்டேன். விரல் வைத்து வாசித்த அந்த நாட்களைத்தான் சொல்வேன்.

ஜூன் 8

தேவனிடம் இப்படிப் பேசுவது முறுமுறுப்பு, பாவம் என்று எச்சரித்தவருக்கு: யோபு 42:7. யோபு பேசாத பேச்சா? கர்த்தரை வழக்குக்குக் கூப்பிடுகிறான். அவனுடைய நண்பர்களோ அதிகாரம் அதிகாரமாகக் கடவுளுக்காக வாதாடுகிறார்கள், பக்தியாக, இலக்கணமாக. கடைசியில் கர்த்தர் எலிப்பாசைப் பார்த்து, என் தாசன் யோபைப் போல நீங்கள் என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார்.

முறுமுறுப்பு வேறு. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் கூடாரத்துக்குள் உட்கார்ந்து தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். யோபு அவர் முகத்துக்கு நேரே பேசினான். எனக்குத் தெரிந்து வித்தியாசம் அதுதான்.

ஜூன் 11

கேள்வி கேட்டவர் திரும்ப எழுதியிருக்கிறார். சொன்னபடி செய்தாராம், ஆனால் எதையும் உணரவில்லையாம். "சமாதானம் வரும் என்கிறார்களே, அது எங்கே?"

உணர்வைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே பேச வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் விட்டுவிட்டுப் போகிறார்கள்.

சிலருக்கு அது வெள்ளம் போல வந்திருக்கிறது, மறுக்கவில்லை. கணித மேதை பாஸ்கலுக்கு 1654 நவம்பர் 23 இரவு, பத்தரை மணி வாக்கில் தொடங்கி நள்ளிரவு தாண்டும் வரை. "நெருப்பு" என்று ஒற்றைச் சொல் எழுதி, அதன் கீழே ஆபிரகாமின் தேவன், ஈசாக்கின் தேவன், யாக்கோபின் தேவன், தத்துவவாதிகளுடைய தேவன் அல்ல என்று எழுதினார். யாரிடமும் காட்டவில்லை. 1662ல் அவர் இறந்த பிறகுதான் அந்தத் தாள் அவருடைய அங்கியின் உள்துணியில் தைத்து வைத்திருந்தது தெரிந்தது. எனக்கு அந்த இரவைவிட அந்தத் தையல்தான் பெரிதாகப் படுகிறது. அனுபவம் இரண்டு மணி நேரம். அதைச் சுமந்துகொண்டு நடந்தது எட்டு வருடம்.

ஜான் வெஸ்லியை எடுத்துக்கொள்ளுங்கள். 1738 மே 24, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு சிறு கூட்டம். மனமில்லாமல்தான் போனேன் என்று அவரே குறித்திருக்கிறார். ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை யாரோ வாசித்துக்கொண்டிருக்கையில், எட்டே முக்கால் மணி வாக்கில் அவர் இருதயம் விநோதமாக அனல்கொண்டது. அதற்கு முன்பே அவர் குருப்பட்டம் பெற்றுப் பத்து வருடம். ஜார்ஜியாவுக்கு மிஷனரியாகவும் போய்த் திரும்பிவிட்டார். இது எல்லாருக்கும் தெரிந்த கதை. பலர் சொல்லாமல் விடுவது அடுத்த பகுதி: 1739 ஜனவரியில், தான் இப்போது ஒரு கிறிஸ்தவன் அல்ல என்று நாட்குறிப்பில் எழுதுகிறார். அனல் வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. அதே வருடம் ஏப்ரலில் பிரிஸ்டலில் வெட்டவெளியில் பிரசங்கிக்கத் தொடங்கினார். உணர்வு ஏறி இறங்கியது, அவர் நடையை நிறுத்தவில்லை.

பதினாறாம் நூற்றாண்டு ஸ்பானியத் துறவி அவிலா தெரேசா ஜெபத்தைக் குறித்துக் கத்தோலிக்கத் திருச்சபைக்கே ஆசிரியை. வருடக்கணக்காக, செப நேரம் எப்போது முடியும், மணி எப்போது அடிக்கும் என்றுதான் காத்திருந்தேன் என்று எழுதியவரும் அவரேதான். ஆனாலும் உட்கார்ந்தார். நம்மை நேசிக்கிறவர் என்று நமக்குத் தெரிந்த ஒருவரோடு தனித்திருந்து பேசும் நட்பே ஜெபம் என்று பின்னாளில் சொன்னார். மணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர் சொன்னதால்தான் அந்த வார்த்தையை நான் நம்புகிறேன்.

அன்னை தெரேசாவின் கடிதங்கள் 2007ல் வெளிவந்தபோது பலர் அதிர்ந்துபோனார்கள். பல பத்தாண்டுகள் உள்ளே இருட்டு. தேவன் இருக்கிறார் என்கிற உணர்வே இல்லாமல்தான் அத்தனை பேரைக் கையில் தூக்கிக் கழுவியிருக்கிறார். அந்த இருட்டிலும் அவர் யாருக்குக் கடிதம் எழுதினார் தெரியுமா? ஆன்ம குருக்களுக்கு. சில சமயம் இயேசுவுக்கே.

ஆகவே, இன்றைக்கு எதுவும் உணரவில்லை என்றால் எதுவும் நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. சமாதானத்தைத் தேடி உட்காராதீர்கள், அவரைத் தேடி உட்காருங்கள். சமாதானம் அவர் கொடுக்கிறபோது வரட்டும்.

ஜூன் 12

"அவருக்கு எல்லாம் தெரியுமே, எதற்குச் சொல்ல வேண்டும்?" என்கிற கேள்விக்கு.

அப்போஸ்தலர் 9ல் அனனியா. சவுலைப் போய்ப் பார் என்று கர்த்தர் சொல்கிறார். உடனே அனனியா, ஆண்டவரே, இந்த மனுஷன் எருசலேமில் எவ்வளவோ பொல்லாங்கு செய்தான் என்று கேள்விப்பட்டேன், இங்கேயும் கட்டிப் பிடிக்க அதிகாரத்தோடு வந்திருக்கிறான் என்று விவரமாகச் செய்தி சொல்கிறான், கர்த்தர் செய்தி படிக்காதவர் போல! வாசிக்கும்போதெல்லாம் சிரித்துவிடுவேன். ஆனால் கர்த்தர் குறுக்கிடாமல் முழுவதும் கேட்கிறார். கேட்டுவிட்டு "நீ போ" என்கிறார். பயத்தைக் கொட்டிய பிறகு அனனியா போனான், போய் "சகோதரனாகிய சவுலே" என்று கூப்பிட்டான். சொல்லாமல் போயிருந்தால் அந்தச் "சகோதரனாகிய" வாயில் வந்திருக்குமா என்று யோசிக்கிறேன்.

ஜூன் 16

என்ன வாசிப்பது என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். மாற்கு. பதினாறு அதிகாரம், உட்கார்ந்தால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம். முதல் தடவை அப்படியே ஒரே மூச்சில் வாசியுங்கள், இயேசு எப்படிப்பட்டவர் என்று பார்ப்பதற்காக மட்டும். யாரிடம் கோபப்படுகிறார், யாருக்காக நிற்கிறார், எப்போது பெருமூச்சு விடுகிறார். ஒருவரைத் தெரியாமல் அவரோடு எப்படிப் பேசுவது?

இரண்டாம் தடவை மெதுவாக. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கீகோ என்ற கார்த்தூசியத் துறவி இதற்கு நாலு படி சொன்னார்: வாசிப்பு, தியானம், ஜெபம், அவர் முன்னால் சும்மா இருத்தல். நான் செய்வது இப்படி. ஒரு சின்னப் பகுதி. இரண்டு தடவை வாய்விட்டு வாசிப்பேன். எந்த வரியில் மனம் இடறுகிறதோ அங்கே நின்றுவிடுவேன். ஏன் இடறுகிறது என்று யோசிப்பேன், அதையே அவரிடம் பேசுவேன். அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பேன். சில நாள் அந்த ஒரு வரிதான் கிடைக்கும், போதும். வருடத்தில் முழு வேதமும் முடிக்கும் அட்டவணைகளுக்கு நான் எதிரி இல்லை, ஆனால் அதிகாரத்துக்கு டிக் போடுவதும் அவரோடு இருப்பதும் ஒன்றல்ல.

போனை வேறு அறையில் வையுங்கள். இதற்கு வசனம் தேவையில்லை.

ஜூன் 19

"ஆண்டவர் பேசுகிறார் என்று எப்படித் தெரியும்?" கஷ்டமான கேள்வி, கவனமாகச் சொல்கிறேன்.

இக்னேசியஸ் லொயோலா 1521ல் பாம்ப்லோனா போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து படுக்கையில் கிடந்தார். பொழுது போக இரண்டு விதமாகக் கனவு காண்பாராம். வீரச் செயல் செய்து ஒரு சீமாட்டியின் மனதை வெல்வது ஒன்று. புனிதர்களைப் போலக் கிறிஸ்துவுக்காக வாழ்வது இன்னொன்று. எண்ணும்போது இரண்டுமே இனித்தன. எண்ணி முடித்த பிறகு முதலாவது வறட்சியை விட்டுச் சென்றது, இரண்டாவது மகிழ்ச்சியை விட்டுச் சென்றது. அந்தப் பின்ருசியைக் கவனிக்கத் தொடங்கியதிலிருந்துதான் அவருடைய பாதை திரும்பியது. ஒவ்வொரு நாளும் கடந்த மணி நேரங்களைத் தேவனோடு திரும்பிப் பார்க்கும் பழக்கத்தை அவர் மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். படுக்கும் முன் நானும் செய்கிறேன்: இன்று எங்கே அவரிடம் நெருங்கினேன், எங்கே விலகினேன். பேசியது அவரா என்பது எனக்கு அந்தச் சமயத்தில் தெரிந்ததைவிட இரவில் திரும்பிப் பார்த்தபோது தெரிந்ததே அதிகம்.

அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளே கேட்டது கிறிஸ்துவின் குணத்துக்கு முரண்பட்டால் அது அவர் இல்லை. உங்கள் பணத்தையோ கல்யாணத்தையோ குறித்து "ஆண்டவர் எனக்குச் சொன்னார்" என்று வேறொருவர் வந்து நின்றால், தயவுசெய்து அவசரப்படாதீர்கள். உங்களோடு பேச அவருக்குத் தெரியும்.

ஜூன் 20

தூக்கமில்லாமல், சாப்பிடாமல் ஜெபிக்க முயன்று சோர்ந்துபோனேன் என்று எழுதியவருக்கு: எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும், என் பிராணனை எடுத்துக்கொள்ளும் என்றான். தூதன் பிரசங்கம் செய்யவில்லை. தொட்டு எழுப்பி, சாப்பிடு என்றான். மறுபடி தூங்க விட்டான். மறுபடி சாப்பாடு. அமர்ந்த மெல்லிய சத்தம் அதற்கெல்லாம் பிறகுதான் வருகிறது. இன்றைக்குத் தூங்குங்கள். மனம் தொடர்ந்து இருண்டே இருந்தால் மருத்துவரையும் பாருங்கள், அது விசுவாசக் குறைவு இல்லை.

ஜூன் 27

இதுவரை எழுதியதைத் திரும்ப வாசித்தால் எல்லாம் தனி அறை, தனி ஆள் என்றே இருக்கிறது. தனிப்பட்ட உறவு என்றால் தனிமையான உறவு என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

சாமுவேலுக்கு அந்தச் சத்தம் யாருடையது என்று சொல்லிக்கொடுத்தவர் ஏலி. கண் மங்கிய கிழவர், வீட்டில் பிள்ளைகளைத் திருத்த முடியாதவர். அவரைக் கொண்டுதான். எத்தியோப்பிய மந்திரி இரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசிக்கிறான், புரிகிறதா என்று பிலிப்பு கேட்டால், ஒருவன் தெரிவிக்காவிட்டால் எப்படித் தெரியும் என்கிறான். தோமா நம்பவில்லை, ஆனாலும் எட்டு நாளைக்குப் பிறகு மற்றச் சீஷர்களோடு அதே வீட்டுக்குள் இருந்தான். இயேசு அவனைச் சந்தித்தது அங்கேதான்.

சபையில் அடிபட்டவர்களுக்கு இது கசக்கும், தெரியும். அப்பாவின் அடக்கம் முடிந்த வாரத்தில், உங்கள் வீட்டில் விசுவாசம் போதவில்லை என்று ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்னார். வெகுநாள் அந்தக் குரல்தான் ஜெபத்துக்கு நடுவே கேட்கும். இன்னொரு பெண்மணி, படிப்பு அதிகம் இல்லாதவர், வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் அரை மணி நேரம் என் கையைப் பிடித்திருந்துவிட்டுப் போனார். அவரும் அதே சபைதான். எனக்கு ஏலியாக இருந்தது அவர். உங்களுக்கு ஒருவரைத் தரச் சொல்லிக் கேளுங்கள். பேசுவதைவிட அதிகமாகக் கேட்கிற ஒருவரை.

ஜூலை 3

ஆழப்படுவது பற்றி. ஒரு இடத்தில் நகராமல் நிற்கிறேன், ஜெபம் கூரையைத் தாண்டவில்லை என்று எழுதியவர் மத்தேயு 5:23, 24ஐப் பாருங்கள். காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னால் வைத்துவிட்டு முதலில் போய் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்கிறார். ஆராதனையைப் பாதியில் நிறுத்தச் சொல்கிற கடவுள்!

எனக்கும் என் அக்காவுக்கும் சொத்து விஷயத்தில் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. பரமண்டல ஜெபத்தில் "மன்னிக்கிறதுபோல" என்கிற இடம் வந்தால் வேகமாகக் கடந்துவிடுவேன். ஒரு காலையில் அந்த இடத்தைத் தாண்டவே முடியவில்லை. திரும்பத் திரும்ப அதே வரி. கடைசியில் எழுந்து போன் போட்டேன். "என்ன, எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்றார் அக்கா. அவ்வளவுதான், பெரிய சமாதானமெல்லாம் ஆகவில்லை. சொத்து விஷயம் இன்னும் தீரவில்லை. ஆனால் மறுநாள் ஜெபத்தில் உட்கார்ந்தபோது எதையோ ஒளித்துவைத்துக்கொண்டு பேசுகிற உணர்வு போயிருந்தது.

யோவான் 7:17 சொல்வதும் இதையே. அவருடைய சித்தத்தைச் செய்ய மனதுள்ளவனுக்குத்தான் அது தேவனால் உண்டானதா என்று விளங்கும். ஏற்கெனவே தெரிந்த ஒன்றைச் செய்யாமல் புதிதாக ஒன்றைக் காட்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தால் உறவு அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது.

ஜூலை 15

கேள்வி கேட்டவரிடமிருந்து மறுபடி. மாற்கு முடித்துவிட்டாராம். 9:24ல் அந்தத் தகப்பன் "என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கதறுகிற இடத்தில் முதல் தடவையாகக் கண் கலங்கியதாம். வாசித்து எனக்கும் கலங்கியது. அந்த வரியை விட்டு நகராதீர்கள். ஒரு வாரம் அதையே ஜெபியுங்கள்.

ஒரே வார்த்தையைத் திரும்பச் சொல்வது வீண்வார்த்தை ஆகாதா என்று கேட்டிருக்கிறார். ஆகாது. கெத்செமனேயில் இயேசு மூன்றாம் தரமும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு 26:44 சொல்கிறது. மத்தேயு 6:7ல் அவர் கண்டித்தது, நிறையப் பேசினால்தான் கேட்பார் என்ற நினைப்பை. கிழக்குச் சபைகளில் "ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, தேவகுமாரனே, பாவியாகிய என்மேல் இரங்கும்" என்ற ஒரே வரியை நூற்றாண்டுகளாக மூச்சோடு சேர்த்து ஜெபிக்கிறார்கள். மனம் அலைந்தால் திட்டிக்கொள்ளாமல் அந்த வரிக்குத் திரும்பி வந்தால் போதும். அலைந்து போன இடமே முக்கியமான விஷயமாக இருந்தால், கடன், பிள்ளை, வேலை எதுவானாலும், அதையே ஜெபமாக்கிவிடுங்கள்.

இன்னும் எவ்வளவு நாள் ஆகும் என்பது கடைசிக் கேள்வி. பாரிஸில் கர்மேல் மடத்துச் சமையலறையில் வேலை செய்த சகோதரர் லாரன்ஸ், பாத்திரங்களின் நடுவிலும் ஆலயத்தில் முழங்கால் படியிடுகிற அதே அமைதியோடு தேவனோடு இருக்க முடிந்தது என்று சொன்னவர். முதல் பத்து வருடம் மிகவும் கஷ்டப்பட்டதாகவும் அவரே சொல்லியிருக்கிறார். பயமுறுத்தச் சொல்லவில்லை. அந்தப் பத்து வருடமும் அவர் உறவுக்கு வெளியே இருக்கவில்லை, உள்ளேதான் இருந்தார்.

அடுத்து யோவான் 13 முதல் 17 வரை. இயேசு கடைசி இரவில் தம்முடையவர்களோடு நீளமாகப் பேசியது அங்கே இருக்கிறது. 15ஆம் அதிகாரத்தில் நிற்கும் வரி எது என்று எழுதுங்கள்.